அரை இஞ்ச் குறையுது சார்

எங்கள் வீட்டு பாத்ரூம் நாலுக்கு ஆறு. உள்ளே போனவர் மனம் மாறித் திரும்ப வேண்டுமென்றால் ரிவர்ஸில்தான் வர வேண்டும். 1991இல் அப்பா வீடு கட்டியபோது மாட்டுக்கொட்டகைக்கு ஒதுக்கிய இடத்தில் பாதியைக் கூடப் பாத்ரூமுக்கு ஒதுக்கவில்லை. மாடு பால் கொடுக்கும், பாத்ரூம் என்ன கொடுக்கும் என்பது அவர் கணக்கு.

முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் நான் நடத்தியதும் கணக்குதான். அதனால்தான் ஓய்வுபெற்ற கையோடு, தேய்ந்து வழுக்கிய சிமெண்ட் தரையைப் பெயர்த்து டைல்ஸ் ஒட்டும் பொறுப்பைத் தைரியமாக ஏற்றுக்கொண்டேன். இருபத்து நாலு சதுர அடி. பத்தாம் வகுப்பில் ஒரு மதிப்பெண் கேள்விக்குக் கூடப் பெறாத கணக்கு.

முதல் சிக்கல் ஆள். எங்கள் பாலக்கோட்டுப் பக்கம் கை தேர்ந்த கொத்தனாரெல்லாம் பெங்களூரிலோ ஓசூரிலோ இருக்கிறார்கள். அங்கே முப்பது மாடியில் நூல் பிடித்தாற்போல் கல் ஒட்டுகிறவர், ஊர்த் திருவிழாவுக்கு வந்தால் ட்ரவுசர் பாக்கெட்டிலிருந்து கையை எடுப்பதில்லை. கடைசியில் ஒருவர் கிடைத்தார். கிடைத்தார் என்பதே அவருடைய முதல் தகுதி. கூலியில் நூறு ரூபாய் குறைத்தது இரண்டாவது. மூன்றாவது ஒன்று இருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை.

டைல்ஸை எங்கள் பக்கம் மேஸ்திரிகள் ‘கல்’ என்றுதான் சொல்வார்கள். பெட்டியில் மோர்பி என்று அச்சடித்திருந்தது. நாட்டில் விற்கிற டைல்ஸில் பெரும்பகுதி குஜராத்தின் அந்த ஊரிலிருந்துதான் வருகிறது. மோர்பியிலிருந்து பாலக்கோடு வரை நேராக வந்த கல், என் பாத்ரூம் நிலைப்படி தாண்டியதும் கோணிக்கொண்டது.

எங்கள் தருமபுரி மாவட்டத்து ஒகேனக்கல் அருவியின் பெயர், ஹொகே என்றால் புகை, கல் என்றால் கல் என்று கன்னடத்திலிருந்து வந்தது. அருவியின் சாரல் பாறைமேல் புகையாக எழுவதால் அப்படி. அதைப் பார்க்கப் பென்னாகரம் தாண்டிப் போவார்கள். எனக்கு வீட்டிலேயே கிடைத்தது. கட்டிங் மிஷினை பாத்ரூமுக்குள்ளேயே வைத்து அவர் அறுத்த மூன்று நாளும் கல் புகைந்தது. நான்காம் நாள் புகை அடங்கி, கழுவித் துடைத்துவிட்டுப் பார்த்தால், தரை என்னைப் பார்த்து லேசாகத் தலை சாய்த்துக்கொண்டு நின்றது.

வாசலோரம் வெட்டி வைத்த வரிசை ஒரு முனையில் நாலு அங்குலம், மறுமுனையில் மூன்று. இடது சுவரோரம் இன்னொரு துண்டு வரிசை, தேய்பிறை மாதிரி உள்ளே போகப் போக மெலிந்தது. “கண்ணாடியை மாத்துங்க சார்” என்றார் கொத்தனார். மாற்றினேன். இன்னும் தெளிவாகக் கோணலாக இருந்தது.

பொதுவாக இதைப் பார்த்துப் பழகிவிடலாம் என்பார்கள். எங்கள் ஊர் போர் தண்ணீர் பழக விடவில்லை. உப்புத் தண்ணீர். இரண்டே மாதத்தில் ஒவ்வொரு ஜாயின்டிலும் வெள்ளை படிந்து, ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டாற்போல் கோணலை எடுத்துக் காட்டிவிட்டது. இந்த மாவட்டத்து நிலத்தடி நீரில் இருக்கும் ஃபுளோரைடுக்குப் பயந்துதான் 2013இல் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வந்தது. அது குடிக்க. குளிக்க இன்னும் போர்தான். பல்லில் வந்த காவி மாவட்டத்தின் பழைய அடையாளம், தரையில் வந்த வெள்ளை என் சொந்த அடையாளம்.

கோணலாவது கண்ணுக்கு மட்டும். வாட்டம் வாழ்க்கைக்கு. கூடத்துக்கு மட்டம் வேண்டும், பாத்ரூமுக்கு வாட்டம் வேண்டும். தண்ணீர் போகும் ஜாலியை நோக்கி அடிக்கு அரைக்கால் அங்குலமாவது தரை இறங்க வேண்டும். எங்கள் தரையும் இறங்கியது, கதவை நோக்கி. குளித்த தண்ணீர் ஜாலியை எட்டிப் பார்த்துவிட்டு, அங்கே யாரோ பிடிக்காத சொந்தக்காரர் உட்கார்ந்திருப்பதுபோல் திரும்பி வாசலுக்கு வந்தது. அதிலிருந்து எங்கள் வீட்டில் குளிப்பது என்றால் பாதி நேரம் சோப்பு, பாதி நேரம் வைப்பர். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. கூடத்து மிதியடியைப் பிழியும்போது மட்டும் என்னை ஒரு பார்வை பார்ப்பாள்.

மூலையில் ஒரு கல் வேறு, தட்டினால் ‘டொக்’ என்றது. அடியில் கலவை நிரம்பாமல் காற்று நின்றிருக்கிறது. தருமபுரி கோட்டை மல்லிகார்ஜுனர் கோயிலில் தரையைத் தொடாமல் நிற்கும் தொங்கும் தூணைக் காட்டுவார்கள்; நொளம்பர் காலத்துக் கோயில். மிஷினும் ஸ்பேசரும் இல்லாத காலத்தில் தூணையே தொங்க விட்டார்கள். நம் காலத்தில் தரை தொங்குகிறது.

ஒரு வருடம் வைப்பர் தள்ளியபிறகு, பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்த என் பழைய மாணவன் ஒருவனைக் கூட்டிவந்தேன். பெங்களூரில் டைல்ஸ் மேஸ்திரி. உள்ளே எட்டிப் பார்த்தவன் தரையைப் பார்க்கவேயில்லை, சுவர் மூலையைப் பார்த்தான். டேப்பை எடுத்தான். மூலையிலிருந்து ஒரு சுவரில் மூன்றடி, அடுத்த சுவரில் நாலடி புள்ளி வைத்தான். இரண்டு புள்ளிக்கும் நடுவே டேப்பைக் குறுக்கே பிடித்தான்.

“அஞ்சடி வரணும். அரை இஞ்சுக்கு மேல குறையுது சார். சுவரே மூலமட்டத்துல இல்ல.”

முப்பத்தொரு வருடம் கரும்பலகையில் நான் போட்ட முக்கோணம். மூன்றின் வர்க்கமும் நாலின் வர்க்கமும் சேர்ந்தால் ஐந்தின் வர்க்கம். அதைச் சொந்த பாத்ரூமில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

“பரவாயில்லையேடா, பிதாகரஸ் ஞாபகம் வச்சிருக்கியே” என்றேன்.

“அது யாரு சார்? இது எங்க மேஸ்திரி சொல்லிக் கொடுத்தது. நீங்க நடத்தினப்ப நான் லீவு.”

வாசல் பக்கம் அகலம் நாலடி. பின்சுவர்ப் பக்கம் ஒன்றரை அங்குலம் கம்மி. ஆக, அப்பா கட்டியது செவ்வகம் அல்ல, சரிவகம். அந்தக் கோணல் சுவரை நம்பி முதல் கல்லை ஒட்டியதால் எல்லா வரிசையும் அதைப் பின்பற்றியிருக்கிறது. கல் பொய் சொல்லவில்லை. முப்பது வருடமாகச் சுண்ணாம்புப் பூச்சுக்குள் ஒளிந்திருந்ததைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான். சுவரை நம்பாமல் நிலைப்படிக்கு நேர் செங்குத்தாக நூல் கட்டி, வாசலில் முழுக் கல்லும், வெட்டுக் கல்லெல்லாம் டாய்லெட்டுக்குப் பின்னாலும் வருகிற மாதிரி, முதலில் கலவை இல்லாமல் பரப்பிப் பார்த்திருக்க வேண்டும். இதையெல்லாம் அவன் சொல்லச் சொல்ல நான் நோட்டு எடுத்துக்கொண்டேன்.

“எல்லாத்தையும் பெயர்த்திடலாமா?”

“சுவரையும் சேர்த்தா சார்?”

மேலேயே இன்னொரு தரை ஒட்டலாம் என்றும் யோசித்தோம். தரை உயரும், கதவு இடிக்கும், கதவை அறுக்க வேண்டும், அப்புறம் தச்சர். அதை விட்டுவிட்டோம். ஜாலியைச் சுற்றி ஆறு கல்லையும் டொக் கல்லையும் வாசல் வரிசையையும் மட்டும் பெயர்த்து வாட்டத்தைத் திருப்பினான். வாசல் துண்டுகளுக்குப் பதிலாக ஒரே நீளமாகக் கறுப்பு கிரானைட் பட்டை, அதே நாலு அங்குலத்திலிருந்து மூன்றுக்குக் குறைகிற மாதிரி அறுத்து வைத்தான். நடுவில் ஜாயின்ட் இல்லாவிட்டால் கோணல் கண்ணில் படாதாம். உண்மைதான், படவில்லை. வெள்ளை படிந்த ஜாயின்டைச் சுரண்டி எடுத்துவிட்டுக் கல்லின் நிறத்திலேயே எபாக்ஸி அடைத்ததும் பாதிக் கோணல் மறைந்தது. கூலி கேட்டால் தலையைச் சொறிந்தான். வற்புறுத்திக் கொடுத்தேன். எண்ணிப் பார்க்காமல் பாக்கெட்டில் வைத்தவன், கணக்கில் என்னைவிட நம்பிக்கை உள்ளவன்.

வேலை முடிந்ததும் ஒரு வாளித் தண்ணீரை வாசலிலிருந்து கவிழ்த்தான். தண்ணீர் ஒரு கணம் தயங்கியது. எங்கள் மூன்று பேருக்கும் மூச்சு நின்றது. அப்புறம் ஜாலிக்குள் போய்விட்டது. முதல்முறை கூலி கொடுப்பதற்கு முன்னால் இந்த ஒரு வாளியை நானே கவிழ்த்திருக்கலாம்.

இடது சுவரோரத் தேய்பிறை மட்டும் அப்படியே இருக்கிறது. அதன்மேல் ஒரு பச்சை வாளி வைத்திருக்கிறோம். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் தாராளமாகக் குளிக்கலாம். குளித்து முடித்ததும் வாளியை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.