பசையில என்னடா இருக்கு, பேராண்டி?

கிதார் செய்யப்போறியாமே? செய்யி, செய்யி. கனடாவுலேருந்து ஸ்ப்ரூஸ் பலகை வந்தாச்சு. சீமைப் பசை வந்தாச்சு. செவுரு பூரா கிளாம்பு தொங்குது. எல்லாம் சரி, இழைப்புளி எங்கடா? அதைத் தீட்டத்தான் நேரமில்லையாக்கும்?

நம்ம அரும்பாவூருக்குப் போய்ப் பாரு. பச்சமலை அடிவாரத்துல குந்திக்கிட்டு வாகையிலயும் மாமரத்துலயும் சாமி செதுக்குறாங்க. 2020ல புவிசார் குறியீடே குடுத்துப்புட்டாங்க. ஒரே கட்டையில வேலை, ஒட்டுற ரோதனையே இல்ல. தஞ்சாவூர் வீணையிலயும் குடம், தண்டி, யாளின்னு மொத்தத்தையும் ஒரே பலாக்கட்டையில குடைஞ்சா ஏகாண்ட வீணை. தனித்தனியாச் செஞ்சு சேர்த்தா ஒட்டு வீணை. உன் கிதாருக்கு அந்தக் கொடுப்பினை ஏது? மேல்பலகை ஒண்ணேகால் அடிக்கு மேல அகலம். அம்புட்டு அகலத்துக்கு நேர்ரேகை மரம் தேடி எந்தக் காட்டுக்குப் போவ? அதான் ஒரு துண்டை ரெண்டாப் பிளந்து, பொஸ்தகத்தை விரிச்ச மாதிரி வச்சு நடுவுல ஒட்டுறாங்க.

அந்த நடுக்கோட்டுலதான் உன் சூரத்தனம் தெரியப்போவுது. ரெண்டு பலகையையும் மடிச்ச வாக்குலயே சேர்த்துப் பிடிச்சு, ஓரத்தை ஒண்ணா இழை. உன் கை ஒருச்சாய்ச்சுப் போனாலும் பரவாயில்ல. விரிச்சு வைக்கும்போது ஒரு பலகையோட சாய்வை இன்னொண்ணு ஈடுகட்டிப்புடும். மூட்டிப் பிடிச்சு வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பாரு. மசுரு கனம் வெளிச்சம் தெரிஞ்சாலும் திரும்ப இழை. நடுவுல தெரியுதா? ஓரங்கள்ல ஒரு சீவு. ஓரத்துல தெரியுதா? நடுவுல ஒரு சீவு. உப்புத்தாளைப் போட்டுத் தேய்க்காத, முனை மழுங்கி உருண்டுபோவும்.

"சந்து இருந்தா என்னா தாத்தா, பசை அடைச்சுக்கும்"ங்குற. எது அடைக்கும்? பசை என்னா சிமெண்டா, அரியலூர்லேருந்து மூட்டையில வந்து எறங்க? சந்துல நிக்கிற பசைக்கு வலுவே கெடையாது. ஆறு கம்பியும் சேர்ந்து எழுபது கிலோ இழுக்கும்டா! பலகை கனமோ மூணு மில்லிமீட்டர்.

அந்தக் காலத்து ஆசாரி வஜ்ஜிரப் பசையை ஊறவச்சு, சுடுதண்ணிச் சட்டிக்குள்ள வச்சு உருக்குவாரு. கொதிக்க விட்டா அதோட வலு போச்சு. கிளாம்பு ஏது அவருக்கு? கயித்தைச் சுத்தி ஆப்பு அடிச்சாரு, அம்புட்டுத்தான். நீ பயில்வானாட்டம் திருவுற. இருக்குற பசையெல்லாம் பிதுங்கி வெளிய ஓடுனா உள்ள எதுடா ஒட்டும்? பலகையும் வில்லா வளைஞ்சுக்கும்.

இழைச்ச அன்னிக்கே ஒட்டிப்புடு. ஐப்பசி அடைமழையில வேணாம். ஈரத்துல உப்பின பலகை சித்திரை வெயில்ல சுருங்கும், அப்ப நடுவுல வாயப் பொளக்கும்.

சந்தேகமா இருந்தா வெட்டிப்போட்ட துண்டு ரெண்டை ஒட்டி, ஒரு ராத்திரி காயவிட்டு, முறிச்சுப் பாரு. மரம் கிழிஞ்சா தைரியமாப் பலகையில கை வையி. ஒட்டுன கோட்டோட விட்டுச்சுன்னா திரும்ப இழை. எப்படியும் உன் பாட்டிக்கு அடுப்பு பத்தவைக்கச் சீவல் வேணுமாம்.