திருப்பெயரொலியியல்: லெம்பா பெர்த்தாம் கூப்பாடுகளை முன்வைத்து ஒரு முன்னுரை

கேமரன் மலையில், லெம்பா பெர்த்தாம் தேயிலைச் சரிவுகளில் பிள்ளைகளுக்கு இடப்படும் தெய்வப் பெயர்கள் நான்கு வகைப்படும். மூன்றாகப் பிரித்தால் கட்டுரை நீளாது.

முதலாவது, முருகன். உச்சரிப்பில் சிக்கலில்லை; ஆகவே ஆய்வுத் தகுதியுமில்லை.

இரண்டாவது, லட்சுமி. அடையாள அட்டையில் ‘லெச்சுமி’. கிராணியின் காதில் விழுந்ததே சாத்திரம் (காண்க: லயத்து வாசல், மாலைக் கூப்பாடு, முதற்குரல்).

மூன்றாவது, இயேசு. ஸ்பானியர் மகனுக்கு ‘ஹெசூஸ்’ என்று தயங்காமல் பெயரிடுவர், ஆங்கிலேயர் கூசுவர், நம்மவர் ‘தாஸ்’ சேர்த்துப் பணிவோடு தப்பித்துக்கொள்வர்.

நான்காவது, சவரி. அறிவுலகம் பிளந்தது இங்கேதான்.

புனித பிரான்சிஸ் சவேரியார் 1506இல் நவார் நாட்டுக் கோட்டையொன்றில் பிறந்தவர். கோட்டையின் பெயரே அவர் பெயர். அன்றைய ஸ்பானியர் அதை ‘ஷவியேர்’ என்றனர். போர்த்துக்கீசியர் இன்றும் ஏறக்குறைய அப்படியே. ஸ்பானிய நாக்கோ பின்னர் தொண்டைக்குள் இறங்கி ‘ஹவியேர்’ என்றாகிவிட்டது. ஆங்கிலேயர் ‘சேவியர்’ என்பர். அவர்களில் எழுத்துக்கு அதிகம் பயந்தவர்கள் ‘எக்சேவியர்’ என்பர். 1542இல் கோவாவில் இறங்கி முத்துக்குளித்துறைக்கு வந்தவரைத் தமிழர் ‘சவேரி’, ‘சவரி’ என்றனர். ஆக, ஸ்பானியர் தொலைத்த ஒலியின் சாயல் நம் லயத்துச் சவரிமுத்துவின் வாயில் பத்திரமாக இருக்கிறது (காண்க: ஆயாக்கொட்டகை ஏடு, மூன்றாம் தொட்டில், இரண்டாம் அழுகை, ஈரத்துணி உரை).

இதை ஏற்காத முனைவர்கள், அவரவர் பெயரை அவரவருக்கே திருத்திக் கொடுக்கும் தொண்டில் உள்ளனர். சவேரியாரே 1545இல் மலாக்காவுக்கு வந்தவர். 1552இல் இறந்தபின் உடலும் மறு ஆண்டு அங்கே சில மாதம் தங்கியது. பலமுறை வந்தும் அவர் யாருடைய உச்சரிப்பையும் திருத்தியதாகக் குறிப்பில்லை (காண்க: சாப்பாட்டுக்கடை மேசைவிரிப்புச் சுவடி, தே தாரிக் கறைக்குத் தென்கிழக்கு, ஈ உட்கார்ந்த வரி; ஈ எழுந்தபின் பாடபேதம் உண்டு).

இனிப் பொருள். அந்தக் கோட்டைப் பெயர் பாஸ்க் மொழியில் ‘புதுவீடு’ என்பதிலிருந்து வந்தது. எனவே சவரிமுத்து என்றால் புதுவீட்டு முத்து. வேலை போனால் வீடும் போகும் லயத்தில், தாத்தா காலம் முதல் புதுவீடு வைத்திருக்கும் ஒரே குடும்பம் சவரிமுத்துவினுடையதே. அது பெயரில் இருப்பதால் யாரும் காலி செய்யச் சொல்லவில்லை. அந்தப் புதுவீட்டை எப்படி உச்சரிப்பது என்பது அடுத்த கருத்தரங்கில் விவாதிக்கப்படும். எப்போது கட்டுவது என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.