பாகப்பிரிவினைக்கு ஒவ்வாத எண்: 7,39,39,133 குறித்து ஓர் ஆய்வு

சொத்துத் தகராறுக்குப் பங்காளிகளின் குணமே காரணம் என்று ஊரார் சொல்லி வருகின்றனர். தொகையின் குணத்தை எவரும் விசாரித்ததாகத் தெரியவில்லை. அக்குறையைப் போக்க இக்கட்டுரை புகுகிறது.

ஒரு தகப்பனார் 7,39,39,133 ரூபாயை உயிலில் எழுதிவைத்துக் கண்ணை மூடினார் என்க. வாரிசு ஒருவரானால் வம்பில்லை. பலரானால், முழு ரூபாயாகச் சமபங்கு கிடையாது. இது பகா எண். ஐயமுள்ள மாப்பிள்ளைமார் 8,598 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்க்கலாம். 8,599இன் வர்க்கம் இத்தொகையைத் தாண்டிவிடுவதால் அதற்குமேல் மெனக்கெட வேண்டாம்.

பகா எண்களுக்கா பஞ்சம், இதற்கு மட்டும் என்ன சிறப்பு எனின், கறையான் என்க. உயிலின் வலது ஓரத்தை அது அரித்துக் கடைசி இலக்கம் போனால் மிஞ்சுவது 73,93,913. அதுவும் பகா எண். மேலும் அரிக்க அரிக்க 7,39,391, 73,939, 7,393, 739, 73, கடைசியில் வெறும் 7. அத்தனையும் பகா எண்கள். சொத்து கரைகிறது, முரண்டு கரையவில்லை. இப்படி வாலை நறுக்க நறுக்கப் பகாமலே நிற்கும் எண்கள் மொத்தம் 83தான்; அவற்றுள் பெரியது இதுவே. வலப்பக்கம் 1 அல்லது 7 சேர்த்தால் மூன்றால் வகுபடும். 3, 9 சேர்த்தாலும் பகு எண்ணே. மற்ற இலக்கங்களைச் சேர்த்தால் இரண்டோ ஐந்தோ மூன்றோ வகுத்துவிடும். இவ்வகையில் இதனினும் பெரிய தொல்லையை எந்தத் தகப்பனாரும் விட்டுச்செல்ல இயலாது.

அற்றேல், பைசா எதற்கு எனின், இருவருக்கு ஆளுக்கு 3,69,69,566 ரூபாய் 50 பைசா வரும். ஐம்பது பைசா சட்டப்படி செல்லும். கடைக்காரர் வாங்குவாரா என்பது வேறு துறை. நால்வருக்கு 1,84,84,783 ரூபாய் 25 பைசா. நாலணாவோ 2011 ஜூன் இறுதியில் செல்லாக்காசாயிற்று. வங்கிக் கணக்கில் போடலாமே என்பார் பங்காளிகளை அறியாதார். அவர்கள் ரொக்கமாகத்தான் கேட்பார்கள். மூவருக்கோ எந்தப் பைசாவும் உதவாது.

கறையான் இடப்பக்கமிருந்து வந்தால் நிலைமை வேறு. முதல் 7 போய் 39,39,133 மிஞ்சும். ஏழு கோடி போனாலென்ன, பதினொரு பேருக்கு ஆளுக்கு 3,58,103 ரூபாய் அட்சரம் பிசகாமல் பிரியும். தலையை நறுக்கினாலும் பகாத எண்கள் தனிக் குலம். அவற்றுள் பெரியதற்கு 24 இலக்கங்கள். அவ்வளவு ரொக்கம் எந்தக் குடும்பத்திலும் இல்லாமையால் ஈண்டு விடுத்தோம்.

தீர்வு எளிது. மூலத்தொகையில் ஒரே ஒரு ரூபாயைச் சேர்த்தால் இருவருக்கும் பிரியும், மூவருக்கும் பிரியும், அறுவருக்கும் பிரியும். அந்த ஒரு ரூபாயை யார் போடுவது என்பதை நீதிமன்றம்தான் முடிவு செய்ய வேண்டும்.