கிளட்ச் துறந்தவர்

வயது ஐம்பதைத் தாண்டி, பெண்ணுக்குக் கல்யாணமும் ஆகி, வீட்டுக் கடனும் அடைந்துவிட்டால் சிலருக்குக் காசி, ராமேஸ்வரம் ஞாபகம் வரும். நம்மவருக்கு லடாக் ஞாபகம் வந்தது. அதுவும் பைக்கில். ஆனால், “ஜிஎஸ்டி ரோட்டுல பல்லாவரம் தாண்டறதுக்குள்ள கிளட்ச் பிடிச்சுப் பிடிச்சு மணிக்கட்டு போயிடும் சார்” என்பார். ஆகவே ஆட்டோமேட்டிக் டூரிங் பைக் தேடுகிறார்.

“அப்போ ஸ்கூட்டரே வாங்கிடலாமே?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஸ்கூட்டரின் சுகம் வேண்டும், மோட்டார் சைக்கிளின் மீசையும் வேண்டும்.

கல்யாணப் பந்தியில் அவர் பக்கத்து இலையில் உட்கார்ந்தால் தொலைந்தீர்கள். “டிசிடின்னா ரெண்டு கிளட்ச். ஒண்ணு, மூணு, அஞ்சாம் கியருக்கு ஒரு கிளட்ச். ரெண்டு, நாலு, ஆறுக்கு இன்னொண்ணு. இவர் சாம்பார் ஊத்தும்போதே ரச வாளி பின்னால ரெடியா நிக்குது பாருங்க, அதான் டிசிடி!” அன்றைக்கென்று ரசம் வராது. அவர் விடமாட்டார். 1975இல் மோட்டோ குஸ்ஸி கன்வர்ட், அடுத்த வருஷம் ஹோண்டா சிபி750ஏ என்று ஆட்டோமேட்டிக் பைக்கின் வம்சாவளி பாயசம் வரை நீளும். எதிர்ப் பந்திப் புல்லட்காரர், “கியர் மாத்தாம ஓட்டறதெல்லாம் ஓட்டறதா?” என்று முனகினால் மோர் வரைக்கும் சண்டை.

ஷோரூமில் அவரை எல்லோருக்கும் தெரியும். ஆப்பிரிக்கா ட்வினில் ஏறிப் பார்த்தார்; வண்டி பிடித்தது, தரைதான் எட்டவில்லை. எக்ஸ்-ஏடிவி 745 சிசி, டிசிடி, கால் நீட்ட இடம் என்று எல்லாம் பொருந்தியது. ஆனால் பார்வைக்கு ஸ்கூட்டர். “லட்ச லட்சமாக் கொட்டி வாங்கி வாசல்ல நிறுத்தினா, எதிர் வீட்டு மாமி ‘மைலேஜ் எவ்வளவு தருது?’ன்னு கேப்பாங்க” என்று ஒதுக்கிவிட்டார்.

கடைசியில் கோல்ட்விங். 1,833 சிசி, ஆறு சிலிண்டர், ஏழு கியர், ரிவர்ஸ். எஞ்சினை அணைத்தால் கியரில் நிற்காது என்பதால் டிசிடி வண்டிகளுக்குத் தனியாக ஒரு பார்க்கிங் பிரேக் உண்டு. அதைப் போட்டும் எடுத்தும் வருகிறவர்களுக்கெல்லாம் அவரே விளக்கிக்கொண்டிருந்தார்.

“சார், கிட்டத்தட்ட 390 கிலோ. சாஞ்சா தூக்கிடுவீங்களா?” என்றான் விற்பனைப் பையன்.

“சாய விட்டாத்தானே தம்பி!” என்றார், இடுப்பைப் பிடித்துக்கொண்டே.

இதற்கிடையில் 2024இல் பிஎம்டபிள்யூவும் யமஹாவும் ஆளுக்கொரு ஆட்டோமேட்டிக் கியர் ஏற்பாட்டை அறிவித்தன. “அவசரப்படக் கூடாது” என்று லடாக்கை அடுத்த ஜூனுக்குத் தள்ளிவைத்தார்.

ஒருநாள் பையன் பொறுமை இழந்து, “டெஸ்ட் ரைடே போயிடலாம் சார், லைசென்ஸ் குடுங்க” என்றான். வாங்கிப் பார்த்தான். கார் இருந்தது. அதன் கீழே, ‘கியர் இல்லாத மோட்டார் சைக்கிள்’. காலேஜ் நாளில் டிவிஎஸ் 50 ஓட்டி எடுத்தது. மனிதர் ஆயுளில் கைக் கிளட்சைத் தொட்டதே இல்லை!

அவர் அசரவில்லை. நேரே ஆர்டிஓ ஆபீஸ் போனார். “வண்டியில ஏழு கியர் இருக்கு. ஆனா ஒண்ணையும் நான் போடப் போறதில்லை. அப்போ இது கியர் உள்ள வண்டியா, இல்லாததா?”

ஜன்னலுக்குள் இருந்தவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

“ஏழு இருக்கட்டும் சார். முதல்ல எட்டுப் போட்டுக் காட்டுங்க.”