ஃபிரீசருக்குள் செம்மறி

ஒஸ்லோ,
மாசி மாதம்; வெளியே மைனஸ் 14.

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது.   ஒவ்வொரு நாளும் வட்ஸ்அப்பில் முகம் பார்க்கிறோம், பிறகென்ன கடிதம் எண்டு கேட்பீங்கள். இது போனில் சொல்லக்கூடிய கதை இல்லை. சொல்லத் தொடங்கினால் உங்கட மச்சாள் பக்கத்தில் நின்று திருத்தம் சொல்லுவா. அவ வேலைக்குப் போன நேரம் பார்த்து எழுதுகிறேன்.

அண்மையில் ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்து, நண்டுக் குழம்பு வைக்கலாம் எண்டு மச்சாள் கீழே நிலவறையில் இருக்கிற பெரிய ஃபிரீசரைத் திறந்தா. நண்டு எண்டு நினைத்துத் தூக்கின பை மெத்தென்று இருந்திருக்கிறது. அதற்குக் கீழே இன்னொரு பை, அதுவும் மெத்து. நண்டு, முருங்கைக்காய், கறிவேப்பிலை எல்லாம் அடியில் நசிந்து கிடக்க, மேலே ஏழு பை கம்பளி நூல்.

"என்னப்பா இது? ஆட்டை உரிச்சு வைச்சிருக்கிறியளோ?"

நான் நியாயத்தைச் சொன்னேன். ஊரில் நாங்கள் மயிர்க்கொட்டி எண்டு சொல்லுவதை இந்தியாவில் கம்பளிப்பூச்சி எண்பினம். அது பேருக்குத்தான். இங்கே உள்ளது நிசமான கம்பளிப் பூச்சி. சின்ன அந்துப்பூச்சி ஒண்டு கம்பளியில் முட்டை வைக்கும், குஞ்சுப்புழு வந்து நூலைத் தின்னும். நூலைப் பையில் கட்டி மைனஸ் 18-ல் சில நாள் வைத்து, வெளியே எடுத்து, திரும்பவும் வைத்தால் புழுவும் முட்டையும் செத்துப்போகும். இது நான் கண்டுபிடித்த வித்தை இல்லை, இந்த நாட்டு ஆச்சிமார் எல்லாரும் செய்கிறது. மச்சாள் பொறுமையாகக் கேட்டா. கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னா: "உயிர்த்த ஞாயிறுக்கு முதல் தொடங்கினது எல்லாம் முடியவேணும். முடியாதது இந்த வீட்டை விட்டுப் போகவேணும். ஆளும் அந்தக் கணக்கிலை சேர்த்திதான்."

ஆக, தவக்காலத்துக்கு மற்றவர்கள் மச்சத்தை விடுகினம், நான் நூலை விடப்போகிறேன்.

நான் ஏன் ஊசி பிடித்தேன் எண்டது உங்களுக்கு முழுதாகத் தெரியாது. 1987-ல் நான் வந்து இறங்கினது வடக்குத் தொங்கலில், போட்ஸ்ஃபியூர் எண்ட மீன்பிடி ஊரில். அங்கே பனிக்காலத்தில் இரண்டு மாதமளவுக்குச் சூரியன் எழும்பாது. மீன் தொழிற்சாலையில் நாள் முழுக்கக் கொட் மீனை முள்ளு எடுத்து வெட்டுவது வேலை. சாப்பாட்டு இடைவேளையில் எனக்குப் பக்கத்தில் இருந்த வயதுபோன மனிசி ஒருத்தி சோற்றுப் பெட்டியைத் திறக்க முதல் பையைத் திறந்து பின்னத் தொடங்குவா. நான் அவவின்ர கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் நான்கு ஊசியையும் என் கையில் தந்துவிட்டா. பத்து நிமிஷத்தில் பிடித்துக்கொண்டேன். அவ பயந்துபோனா. குருநகரில் ஆறு வயதில் வலை பொத்தின கைக்கு இது என்ன பெரிய வேலை? இன்னொரு புதினம் கேளுங்கோ: இவர்களின் மொழியில் வலைக்கண்ணுக்கும் 'மஸ்க'தான், பின்னல் ஊசியில் ஏறுகிற கண்ணுக்கும் 'மஸ்க'தான். மொழி விளங்க முதல் அந்த ஒரு சொல் எனக்கு விளங்கிவிட்டது. 1956-ல் முதன்முதலாக இங்கே வந்து, பிறகு யாழ்ப்பாணப் பக்கம் சீநோர் மீன்பிடி நிறுவனத்தைத் தொடங்கினவர்களில் ஒருவரான இராசேந்திரம் ஐயாவுக்கும் இந்தச் சொல் கைகொடுத்திருக்கும் எண்டு நினைப்பேன்.

முதல் பின்னின சால்வையை ஊருக்கு வந்த ஒருவரிடம் உங்களுக்குக் கொடுத்தனுப்பினேன். நீங்கள் எழுதின பதில் இன்னும் என்னிடம் கிடக்கிறது. "நல்ல சாமான் தம்பி. சிவத்தப் பேடு அதிலைதான் அடை கிடந்தது. பன்னிரண்டு முட்டையில் பதினொண்டு பொரிச்சிட்டுது."

எனக்கு அப்போது கொஞ்சம் மனவருத்தம்தான். இப்போது யோசித்தால், என் பின்னலில் முழுதாகப் பயன்பட்டது அது ஒண்டுதான் போலக் கிடக்கு.

இந்த நாட்டில் பின்னல் ஒரு நோய் அக்கா. பாலர் பாடசாலைக்கே பிள்ளைக்கு உள்ளுக்குப் போடக் கம்பளி உடுப்புக் கொண்டு போகவேணும். 2013 கார்த்திகையில் அரச தொலைக்காட்சி, செம்மறியின் மயிரை வெட்டி, நூற்று, சட்டையாகப் பின்னி முடிக்கிறதை ஆரம்பம் முதல் முடிவு வரை நேரடியாகக் காட்டினது. அவுஸ்திரேலியாக்காரர் 4 மணி 51 நிமிஷத்தில் செய்து வைத்திருந்த சாதனையை முறியடிக்க வேணுமாம். முறியடிக்கவில்லை, எட்டு மணித்தியாலத்துக்கு மேலே இழுபட்டது. நானும் விடிய விடிய இருந்து பார்த்தேன். மச்சாள் இடையில் எழும்பி வந்து, "இன்னும் கையே முடியேல்லையோ?" எண்டு கேட்டுவிட்டுப் போய்ப் படுத்தா.

சரி, கணக்கெடுப்புக்கு வருவோம். ஊருக்கு வரும்போது பெட்டி நிறுக்கிற தொங்கு தராசை எடுத்தேன். ஃபிரீசர், கட்டிலுக்குக் கீழே, உடுப்பு அலுமாரியின் மேல்தட்டு, மகனின் பழைய புத்தகப் பை, கார் டிக்கி எல்லாம் சேர்த்து 12 கிலோ 400 கிராம். ஒரு உருண்டை 50 கிராம். அதாவது 248 உருண்டை. ஒண்டில் நூறு மீற்றர் எண்டு வைத்தாலும், குருநகரில் ஒரு தலைப்பைக் கட்டிவிட்டு இழுத்தால் சாவகச்சேரி தாண்டிப் போகும். கிறிஸ்மஸ் முடிந்து தை மாதத்தில் பாதி விலை போடுவார்கள். பாதி விலைக்கு வாங்கினால் பாதிக் காசு மிச்சம் எண்டுதான் நான் நினைத்தேன். உங்கட மச்சாள் கணக்குப் பார்க்கிற உத்தியோகம் செய்கிறவ, அவவின்ர கணக்கு வேறை.

அரைகுறையாகக் கிடந்தவை பதினாலு. அதில் ஐந்து ஒற்றைக் காலுறை. முதல் காலுறை பின்னும்போது அடுத்தது என்ன வரும் எண்டு ஒரு ஆசை இருக்கும். இரண்டாவதில் என்ன வரும் எண்டு முதலே தெரிந்துவிடுகிறதே. பிறகு ஒற்றைக் கையுறை ஒண்டு, எட்டிதழ்ப் பூப் போட்ட செல்புக் கையுறை. 1857-ல் செல்பு ஊரில் மாரித் எம்ஸ்தா எண்ட இளம்பெண் முதலில் இதைப் பின்னிக் கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போனாளாம், ஊரே பார்த்துப் பின்னத் தொடங்கினதாம். அவள் இரண்டு கைக்கும் பின்னியிருப்பாள். நான் இடது கைக்குப் போட்டு, வலது கையைப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு மூன்று பனிக்காலம் திரிந்தேன்.

அடுத்தது மகனின் மாரியுஸ் சட்டை. நீலம், வெள்ளை, சிவப்பு. இந்த நாட்டுக் கொடியே நெஞ்சில் ஓடும். 1953-ல் அந்தக் கோலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்த அம்மாவின் பெயர் உன். 'என்' இல்லை, 'உன்'. உன் சொய்லண்ட். பெயர் அப்படி இருந்தும் அந்தச் சட்டை ஊரில் எல்லாருடைய சட்டையும் ஆகிவிட்டது. மகனின் உறுதிபூசுதலுக்குத் தொடங்கினேன், நீல நூல் ஒரு கையோடு முடிந்துபோனது. அதே நூலைத் தேடிக் கடைக்குப் போனால் நிறம் அதுதான், ஆனால் சாயத் தொகுதி இலக்கம் வேறை. பக்கத்தில் வைத்தால் ஒண்டு கடல், மற்றது கடலில் எண்ணெய் ஊற்றினது. விட்டுவிட்டேன். இப்போது அவனுக்கு இருபத்துநாலு. அந்தச் சட்டைக்குள் அவன்ர ஒரு தோள் போகும்.

இன்னும் ஒண்டு கிடந்தது, உங்கட மச்சாளுக்கு எண்டு தொடங்கின சால்வை. இருபத்தைந்தாவது கலியாண நாளுக்கு. நாள் வந்து போய் இரண்டு வருஷம். அதைக் கண்டதும் அவ ஒண்டும் சொல்லவில்லை. மெல்ல எடுத்துப் பார்த்துவிட்டு, மேலே வைத்துவிட்டுப் போனா. திட்டியிருந்தால் சமாளித்திருப்பேன்.

எல்லாவற்றையும் நிலத்தில் பரப்பிவிட்டு இருந்தபோது அப்பாவை நினைத்தேன். கரைக் கொட்டிலுக்குள் கால் பெருவிரலில் வலையைக் கொழுவிக்கொண்டு பொத்துவாரே, ஒரு நாளாவது பாதியில் விட்டு எழும்பினதைக் கண்டிருக்கிறீங்களோ? விடியக் கடலுக்குப் போகவேணும், ஓட்டை வலையால் மீன் போய்விடும். இங்கே நான் காலுறையை முடிக்காவிட்டால் ஆர் பட்டினி? கடையில் ஆறு சோடி ஒண்டாகக் கட்டி விற்கிறான். அப்பாவுக்கு அது தொழில், எனக்கு ஆசை. ஆசைக்கு முடிவுத் திகதி இல்லை எண்டது என் தனிக் குறை இல்லை எண்டு மச்சாளுக்குச் சொல்லிப் பார்த்தேன். "ஃபிரீசருக்கு அளவு இருக்கு" எண்டா.

முடிக்க எடுத்த முதல் உருப்படி மகளின் பேன் சட்டை. சிரிக்காதேங்கோ, பெயரே அதுதான். கறுப்பில் வெள்ளைப் புள்ளி புள்ளியாக வரும், செத்தெஸ்தால் எண்ட பள்ளத்தாக்கின் பழைய உடுப்பு. அந்தப் புள்ளிக்குப் பேன் எண்டுதான் சொல்லுவார்கள். நீங்கள் என்ர தலையில் பேன் பார்த்துப் பார்த்து நகம் தேய்ந்தீங்கள், இங்கே காசு குடுத்துப் பேன் பின்னுகினம். மகளுக்கு ஏழு வயதில் தொடங்கினேன். இப்போது அவளுக்குப் பத்தொன்பது. பின்னல் எல்லாம் அப்போதே முடிந்துவிட்டது. நின்றது வெட்டில்.

இந்த வெட்டுத்தான் பெரிய கதை. முன்பக்கம் திறக்கிற சட்டையை முதலில் குழாய் மாதிரி மூடியே பின்னுவது. பிறகு நடுவில் தையல் மெசினால் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓட்டிவிட்டு, இரண்டு தையலுக்கும் இடையில் கத்திரிக்கோல் வைத்து மேலிருந்து கீழே வெட்டவேணும். பல மாத உழைப்பை உன் கையாலேயே வெட்டு எண்டால் எப்படி? பன்னிரண்டு வருஷம் எனக்குக் கை வரவில்லை. போன வியாழக்கிழமை இரவு மேசையில் விரித்து வைத்தோம். மகள் போன் லைட்டைப் பிடித்தாள். மச்சாள் சமையலறைக்குள் போய்ச் செபமாலையை எடுத்தா. முதல் வெட்டுக்குக் கண்ணை மூடினேன், மகள் "அப்பா, கண்ணைத் திறந்து வெட்டுங்கோ" எண்டு கத்தினாள். வெட்டினேன். ஒரு கண்கூட இளகவில்லை. கம்பளி ஒண்டோடு ஒண்டு ஒட்டிப் பிடித்துக்கொண்டு நின்றது.

"இதை நான் இனிக் கையுறையாகத்தான் போடலாம்" எண்டாள் மகள். பக்கத்து வீட்டுச் சின்னப் பிள்ளைக்குக் குடுப்போமோ எண்டு கேட்டேன். பதில் இல்லை. விடிய அவளின் அறையைப் பார்த்தால், சட்டை கதிரையின் முதுகில் போட்டபடி இருக்கிறது. பொத்தானும் அவளே தைத்துவிட்டாள்.

அதோடு கை சூடாகிவிட்டது. இரண்டு காலுறைக்குச் சோடி போட்டேன். மற்ற மூன்றையும் ஒண்டோடு ஒண்டு நிறம் பாராமல் சேர்த்து ஒண்டரைச் சோடி எண்டு கணக்கு முடித்தேன். மாரியுஸ் சட்டையை உருவி நூலாக்கினேன். உருவ ஒரு பின்னேரமும் போகவில்லை. ஊசிகள் பதினேழு கிடைத்தன. தொலைந்தது எண்டு நினைத்துத் திரும்பத் திரும்ப வாங்கினதெல்லாம் இந்த அரைகுறைகளுக்குள்தான் குத்தி நின்றிருக்கின்றன. நல்ல நூல் ஒன்பது கிலோவை வயோதிபர் மடத்தில் பின்னுகிற ஆச்சிமாருக்குக் குடுத்தேன். ஒரு ஆச்சி உருண்டையை மணந்து பார்த்துவிட்டு, "மீன் மணக்குது" எண்டா. நண்டு எண்டு திருத்தினேன்.

மிச்சம் துண்டு நூலும் சிக்கு நூலுமாக மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் கூட இருக்கு. ஆரும் கேட்கவில்லை, எறியவும் மனம் இல்லை. ஆடி மாதம் எங்கட ஆள் ஒருவர் ஊருக்கு வாறார், பெட்டியில் இடம் இருக்காம். உங்களிடம் இப்போது எத்தனை பேடு அடைக்கு நிற்குது எண்டு எழுதுங்கோ. அதைப் பார்த்து அனுப்புகிறேன்.

அன்புத் தம்பி

பி.கு.: மச்சாளின்ர சால்வை இன்னும் ஊசியில்தான் இருக்கு. வட்ஸ்அப்பில் அதைப் பற்றி வாய் திறக்க வேண்டாம்.