எடுக்கும், ஆனால் எடுக்காது: செல்ஃப் எடுக்காமை குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வின் எல்லை

காலையில் சாவியைத் திருகியதும் உறுமிய கார், மாலையில் அதே சாவிக்கு அசையாமல் நிற்பது நாடறிந்த நிகழ்வு. மக்கள் வழக்கு இதை 'செல்ஃப் எடுக்கல' என்று இரண்டே சொற்களில் முடித்துவிடுகிறது. அறிவுலகமும் அத்துடன் நிறுத்திக்கொண்டது பெருங்குறை. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். எப்போதுமே எடுக்காத கார் இந்த ஆய்வுக்குள் வராது. அது நேர்மையான கார். பழுதை ஒப்புக்கொண்டு நிற்கிறது. சில வேளை எடுத்துச் சில வேளை எடுக்காத காரே நம் ஆய்வுப்பொருள்.

வரலாற்று நோக்கில், இச்சிக்கலுக்கு வித்திட்டவர் சார்லஸ் கெட்டரிங். அவர் உருவாக்கிய மின்சார செல்ஃபை 1912ஆம் ஆண்டு மாடல்களில் காடிலாக் நிறுவனம் பொருத்தியது. அதற்கு முன்பு இரும்புக் கைப்பிடியை முன்னால் செருகிச் சுற்றினார்கள். எடுக்காவிட்டால் பழி, சுற்றியவரின் புஜத்தைச் சேர்ந்தது. கெட்டரிங்குக்குப் பின் புஜம் தப்பியது. பழியைச் சுமக்க ஆள் தேடவேண்டியதாயிற்று.

2. முன்னோர் கொள்கைகள்

நின்ற காரைச் சுற்றிக் கூடும் அறிஞர்களை நான்கு பள்ளிகளாகப் பிரிக்கலாம். முதலாவது பேட்டரிவாதம்: "பேட்டரி போயிடுச்சு சார், மாத்திடுங்க." செலவு அடுத்தவருடையது என்பதால் இதற்கே பற்றாளர் அதிகம். இரண்டாவது பெட்ரோல்வாதம்: "பெட்ரோல் இருக்கா?" முள்ளைப் பார்த்துக்கொண்டேதான் கேட்பார்கள். மூன்றாவது தள்ளுவாதம்: காரணம் எதற்கு, நான்கு பேரும் இரண்டாவது கியரும் போதும். ஆட்டோமேட்டிக் கார்கள் பெருகியபின் இம்மரபு நலிந்துவருகிறது. நான்காவது எலுமிச்சைவாதம்: திருஷ்டிக்கு ஓர் எலுமிச்சம்பழம் போதும். இது எதையும் விளக்குவதில்லை. ஆனால் நான்கிலும் செலவு குறைந்தது இதுவே.

3. மெக்கானிக் சந்நிதி விதி

வீட்டில் ஊரைக் கூட்டி அழுத குழந்தை மாமா வந்ததும் சமர்த்தாக உட்கார்வதுபோல, மெக்கானிக் வந்ததும் கார் எடுத்துவிடும். இதைக் கைராசி என்பார்கள். ஆய்வு வேறு சொல்கிறது. அவர் வருவதற்குள் சூடாக இருந்த செல்ஃப் மோட்டார் ஆறிவிடும். வந்தவர் பானெட்டைத் திறந்து பேட்டரி டெர்மினலை ஒருமுறை அசைத்துப் பார்ப்பார். அந்த அசைவிலேயே, அதில் பூத்த பூஞ்சணத்துக்கு அடியில் ஈயம் ஈயத்தைத் தொட்டுவிடும். தள்ளி எடுத்துப் பட்டறைக்கே ஓட்டிப்போனாலோ, வழியிலேயே ஆல்டர்னேட்டர் பேட்டரிக்குச் சற்று சார்ஜ் ஏற்றியிருக்கும். ஓடிவந்த கார், ஓடாத காருக்குச் சாட்சி சொல்லாது. எனவே நோயை அது தோன்றிய இடத்திலேயே, அதாவது வீட்டு வாசலிலேயே, பிடிக்கவேண்டும்.

4. ஒலியியல்

எடுக்காத கார் எழுப்பும் ஒலி நால்வகைப்படும்.

அடுக்கொலி: 'டிக் டிக் டிக் டிக்' என்று விடாமல் வருவது. செல்ஃபின் மின்காந்த சுவிட்சான சொலினாய்டு இழுக்கிறது, மோட்டார் நூற்றுக்கு மேற்பட்ட ஆம்பியர் கேட்கிறது, கொடுக்க முடியாமல் வோல்ட் சரிகிறது, சொலினாய்டு விட்டுவிடுகிறது, மீண்டும் இழுக்கிறது. பேட்டரி தளர்ந்திருக்கலாம், அல்லது டெர்மினல் சரியாகப் பிடிக்காமல் இருக்கலாம்.

தனியொலி: ஒரே 'டக்', பிறகு ஒன்றுமில்லை. சொலினாய்டு தன் கடமையைச் செய்தது, மோட்டார் செய்யவில்லை. உள்ளே காண்டாக்ட் கருகியோ, கார்பன் பிரஷ் தேய்ந்தோ இருக்கலாம்.

மௌனம்: சாவி சுவிட்ச், ரிலே, கிளட்ச் சுவிட்ச் ஆகியவற்றின் மீது ஐயம் கொள்க. ஆட்டோமேட்டிக் காரில் லீவரைப் பார்க்கிங்கிலிருந்து நியூட்ரலுக்கு மாற்றியதும் எடுத்தால், குற்றவாளி லீவரின் நிலையை உணரும் சுவிட்ச்.

முழக்கம்: செல்ஃப் வேகமாகச் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை. இலக்கணப்படி இது செல்ஃப் எடுக்காமையே அன்று. சாவியை ஆனில் வைத்ததும், பெரும்பாலான பெட்ரோல் கார்களில் பின்சீட்டின் அடியிலிருந்து ஓரிரு நொடி வரும் எரிபொருள் பம்ப்பின் முனகலைக் கேட்க. நீண்ட ஓட்டத்துக்குப்பின் சூட்டில் மட்டும் இப்படி ஆனால், கிராங்க் சென்சாரை ஐயுறுக.

5. சோதனை முறைகள்

சுவர்ச் சோதனை: காரைச் சுவரைப் பார்க்க நிறுத்தி, ஹெட்லைட்டைப் போட்டுச் சாவியைத் திருகுக. வெளிச்சம் மங்கினால் பேட்டரிப் பக்கம். அடியோடு அணைந்தால் டெர்மினலாக இருக்கலாம். அப்படியே நின்றால் செல்ஃப் பக்கம் போகவேண்டும்.

மீட்டர்ச் சோதனை: சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர், நான்கு பள்ளிகளையும் வாயடைக்கும். இரவெல்லாம் ஓய்ந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் பாதி. செல்ஃப் சுற்றும்போது 9.6க்குக் கீழே இறங்கக் கூடாது. என்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8க்கும் 14.5க்கும் இடையில் நிற்கவேண்டும். இனி முக்கியமான கட்டம்: ஒரு முனையைப் பேட்டரியின் ஈயக் குமிழிலும், மறுமுனையை அதைக் கவ்விய கிளாம்பிலும் வைத்து, வேறொருவரைச் சாவி திருகச் சொல்க. கிட்டத்தட்ட சுழியம் வரவேண்டும். அரை வோல்ட் காட்டினால், பேட்டரி நிரபராதி. இடையிலுள்ள அழுக்கே குற்றவாளி. என்ஜினுக்குப் போகும் எர்த் வயரையும் இவ்வாறே விசாரிக்க.

அடிச் சோதனை: கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, ஒருவர் சாவி திருகும்போது மற்றவர் செல்ஃப் மோட்டாரை ஸ்பானர் பிடியால் மெல்லத் தட்டுக. எடுத்தால் கார்பன் பிரஷ் கடைசிக் கட்டத்தில் இருக்கலாம். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்ற பழமொழி ஏதோ ஒரு ஒர்க்‌ஷாப்பில்தான் பிறந்திருக்கவேண்டும் என்பது எம் துணிபு.

6. முடிவுகள்

இரவு நின்றபின் மட்டும் எடுக்காத காரில் பேட்டரியையும் மின்கசிவையும், சூட்டில் மட்டும் எடுக்காத காரில் செல்ஃபையும், நேரங்காலம் இல்லாமல் எடுக்காத காரில் இணைப்புகளையும் முதலில் பார்க்கவேண்டும். டெர்மினலில் பூத்த வெள்ளைப் பச்சைப் பூஞ்சணத்தை ஆப்பசோடா கரைத்த வெந்நீரால் கழுவி, துடைத்து, இறுக்கியபிறகே பேட்டரிக் கடைக்குப் போவது முறை. கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். ஒரே நேரத்தில் இரண்டைச் சரிசெய்தால் எது நோய் என்பது கடைசிவரை தெரியாது.

இறுதியாகக் கார் வைத்திருப்போருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை எடுக்காதபோது, சாவியை ஆத்திரத்தில் திரும்பத் திரும்பத் திருகாதீர்கள். போனை எடுத்து வீடியோவை ஓடவிட்டு, ஒரே ஒருமுறை திருகுங்கள். ஒலியும் டேஷ்போர்டு விளக்குகளும் அதில் பதிந்துவிடும். மெக்கானிக் முன் கார் பொய் சொல்லும், வீடியோ சொல்லாது.