பிஷப் வீட்டுப் பிள்ளை

பாளையங்கோட்டையில் பிஷப் என்றால் லேசுப்பட்ட ஆள் இல்லை. பங்களா, கார், டிரைவர், அங்கி, கையில் கோல். அசனப் பண்டிகைக்கு வந்தால் வரவேற்க பேண்டு வாத்தியம். தென்னிந்தியத் திருச்சபையில் பிறந்து வளர்ந்த என் ஆச்சிக்குத் தெரிந்த பிஷப் அவர் ஒருவர்தான். 2001இல் அமெரிக்காவிலிருந்து அப்பா போன் பண்ணி, "அம்மா, என்னைய இங்க பிஷப்பா போட்டிருக்காவ" என்றதும், ஆச்சி போனைக்கூட வைக்காமல் தெருவுக்கு ஓடினாள். "எம்மவன் அமெரிக்காவுக்கே பிஷப்பு!"

அமெரிக்காவுக்கு இல்லை, யூட்டா மாநிலத்துப் பிரோவோ நகரில் எங்கள் வீட்டைச் சுற்றியிருந்த சில தெருக்களுக்கு. படிக்கப் போன இடத்தில் அப்பா மார்மன் சபையில் சேர்ந்திருந்தார். அதன் முழுப் பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. முழுப் பெயரைத்தான் சொல்ல வேண்டும் என்று அதன் அப்போதைய தலைவர் ரசல் நெல்சன் 2018இல் கேட்டுக்கொண்டார். ஆச்சிக்கு அவ்வளவு மூச்சு இல்லாததால் எங்கள் குடும்பத்தில் மார்மன் என்ற பெயரே நிலைத்துவிட்டது.

அந்தச் சபையார் ஊரை வார்டு வார்டாகப் பிரித்து, வார்டுக்கு ஒரு பிஷப்பை வைப்பார்கள். பிரோவோவில் தடுக்கி விழுந்தால் மார்மன் வீடு என்பதால், நம்மூர் கவுன்சிலர் ஆளும் பரப்புகூட அங்கே ஒரு பிஷப்புக்குத் தேறாது. கவுன்சிலருக்காவது நாலு காசு கிடைக்கும். மார்மன் பிஷப்புக்குச் சம்பளம் இல்லை, பங்களா இல்லை, அங்கி இல்லை. இறையியல் கல்லூரிப் பக்கமே போயிருக்க வேண்டாம். பல் டாக்டரோ பிளம்பரோ, யாரையாவது கூப்பிட்டு மேலிடம் பொறுப்பைக் கொடுத்துவிடும். ஏறத்தாழ ஐந்து வருஷத்துக்கு அவர்தான் பிஷப். அப்பா பகலில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்ப்பார். மிச்ச நேரம் முழுக்கச் சபைக்கு.

அந்தக் குளிர்காலத்தில் ஆச்சி பட்டுச்சேலையும் விசாவுமாக வந்து இறங்கினாள். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில், பின்பக்கத்துக் கூடைப்பந்துக் கூடத்தில் அப்பா கோட்டும் டையுமாக இரும்பு நாற்காலிகளை விரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். அப்படி ஒரு கூடம் மார்மன் ஆலயங்களில் சகஜம். ஆச்சி என் காதில் கேட்டாள்: "பிஷப்பு எப்பட்டி வருவாவ?"

"அந்தா நாற்காலி போடுதாவல்லா, அவியதான்."

ஆச்சி அன்று முழுக்கப் பேசவில்லை.

வழிபாடு தொடங்கினால் அப்பா மேடையில். கீழே அம்மாவும் பிள்ளைகள் நாலு பேரும். அப்போதெல்லாம் ஞாயிறு ஆராதனையும் வகுப்புகளுமாக மூன்று மணி நேரம். 2019இல்தான் இரண்டாகக் குறைத்தார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு உபவாசம் வேறு. இரண்டு வேளை சாப்பிடாமல், அந்தச் சாப்பாட்டுக் காசை ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும். அன்றைக்கு யார் வேண்டுமானாலும் மைக் முன்னால் வந்து சாட்சி சொல்லலாம். பசித்த வயிற்றோடு தம்பி பெஞ்சுக்கு அடியில் தவழ்ந்து மூன்று வரிசை தாண்டிப் போய்விடுவான். யாரோ கண்ணீரோடு சாட்சி சொல்லிக்கொண்டிருக்கும்போது, மேடையிலிருந்து அப்பா புருவத்தாலேயே எங்களை மிரட்டுவார். சபையாரோ, பிஷப்புக்கு என்ன உருக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

வருஷத்துக்கு ஒருமுறை பன்னிரண்டு வயது தாண்டிய பிள்ளைகளை பிஷப் தனியறையில் உட்கார வைத்து விசாரிப்பார். பிஷப்பின் பிள்ளைகளை யார் விசாரிப்பது? அதே பிஷப்தான். காலையில் தோசை வார்த்துப் போட்டவர், மாலையில் கைகுலுக்கி, "உட்காரும்மா, வீட்டில் எல்லாரும் எப்படி?" என்றார். ஜெபம் செய்கிறாயா என்றெல்லாம் கேட்டுவிட்டு, "பெற்றோரைப் பற்றி ஏதாவது சொல்லணுமா?" என்றார். "எங்கப்பா வீட்டிலேயே இருக்கிறதில்லை, பிஷப்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்து, "அவர்கிட்டே பேசிப் பார்க்கிறேன்" என்றார். இன்றுவரை பேசியதாகத் தெரியவில்லை.

தசமபாகக் கணக்கு இன்னும் விசேஷம். கைச்செலவுக்கு ஐந்து டாலர் கொடுப்பவர் அப்பா. அதில் ஐம்பது சென்ட்டை உறையில் போட்டுத் திருப்பி வாங்குபவர் பிஷப். வருஷக் கடைசியில் குடும்பத்தோடு உட்கார வைத்து, "பத்தில் ஒன்று முழுசாகச் செலுத்தினாயா?" என்று கேட்பவரும் அவரே. உள்ளே போன பணமும் வெளியே வந்த பணமும் அவருக்கு அத்துப்படி. ஒளிக்க வழியே இல்லை.

பெரிய கலவரம் காப்பியால் வந்தது. 1833இல் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித்துக்குக் கிடைத்த வெளிப்பாட்டின்படி மதுவும் புகையிலையும் சூடான பானங்களும் கூடாது. சூடான பானம் என்றால் காப்பியும் டீயும் என்று சபை விளக்கம் சொல்கிறது. கொதிக்கக் கொதிக்க சாக்லேட் பால் குடிக்கலாம்; ஐஸ் போட்ட காப்பி கூடாது. ஆச்சி பெட்டியில் கொண்டு வந்ததோ பித்தளை ஃபில்டரும் இரண்டு கிலோ காப்பித்தூளும். அவள் அந்தச் சபையில் சேராதவள். சட்டம் அவளைக் கட்டாது. ஆனால் வாசனைக்கு அது தெரியுமா? ஆலோசனை கேட்டு வந்த பக்கத்துத் தெருக்காரர் வாசலிலேயே மூக்கை உறிஞ்சியபடி நின்றுவிட்டார். மறுநாளிலிருந்து ஆச்சி கொல்லைப்புறப் பனியில், அப்பாவின் கோட்டைப் போர்த்திக்கொண்டு காப்பி குடித்தாள். "பிஷப்புக்கு ஆத்தாளா இருந்து நான் கண்ட சொகம்!"

அவளைச் சமாதானப்படுத்த ஒரு சகோதரி ஜெல்லோ என்கிற பச்சை ஜெல்லி கொண்டு வந்தார். யூட்டாக்காரர்களுக்கு அதன்மேல் அவ்வளவு மோகம். 2001இல் மாநில மேலவையில் தீர்மானம் போட்டே அதை மாநிலத்தின் விருப்பச் சிற்றுண்டி ஆக்கினார்கள். உள்ளே துருவிய கேரட். ஆச்சி உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இது கூட்டா, பாயசமா?"

வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். பிஷப் பிள்ளைக்கு அந்தச் சலுகையும் கிடையாது. நான் வந்தால் தோழிகள் பாட்டுச் சத்தத்தைக் குறைப்பார்கள், பேச்சை மாற்றுவார்கள். சபையார் அப்பாவிடம் வந்து சொல்லும் ஊர்ப் பாவமெல்லாம் எனக்குத் தெரியும் என்று அவர்களுக்கு நினைப்பு. ராத்திரி போன் வந்தால் அப்பா கராஜுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். திரும்பி வரும்போது அவர் முகத்திலிருந்து ஒரு எழுத்தும் படிக்க முடியாது. ஊர் ரகசியங்கள் எல்லாம் இருந்த வீட்டில், எதுவுமே தெரியாமல் வளர்ந்தவர்கள் நாங்கள்தான்.

ஒரு ஞாயிறு எல்லாம் முடிந்தது. புது பிஷப்பின் பெயரை அறிவித்தார்கள்; அப்பாவுக்கு நன்றி சொல்லிச் சபையார் கை உயர்த்தினார்கள். கொஞ்ச நாளில் அடுத்த ஊழியம் வந்தது: ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயது வரையுள்ள குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது. ஆச்சி போனில் அலறினாள்: "பிஷப்பா இருந்தவன பால்வாடில போட்டுட்டானுவளே, என்னல தப்பு செஞ்ச?" அப்பா நிதானமாகச் சொன்னார்: "இங்க பிஸ்கட்டு உண்டும்மா. அங்க அதுவும் கிடையாது."

யூட்டாப் பக்கம் போனால் ஒரு ஞாயிறு மார்மன் ஆலயத்துக்குப் போய்ப் பாருங்கள். பிஷப்பைப் பாராட்ட அங்கே ஆள் உண்டு. கீழே பிள்ளைகளோடு தனியாக மல்லுக்கட்டும் அவர் மனைவி பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஒரு பிள்ளையை வாங்கிக்கொள்ளுங்கள். அந்தச் சம்பளமில்லாத உத்தியோகத்தில் பாதி வேலை அவருடையது.